ஒகினாவாவில் வெள்ளிக்கிழமை

வெள்ளி இரவு பத்து மணி, ஒகினாவா. மொன்றியலில் வெள்ளி காலை ஒன்பது.

மகன் கபிலனுக்குப் புற்றுநோய் மாறிச் சுகமானதிலிருந்து வெள்ளிக்கிழமைகளில் நான் மீன், இறைச்சி என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை. அம்மனுக்கு வைத்த நேர்த்தி. நான்கு வருடமாக ஒரு வெள்ளியும் தவறவில்லை. இன்று தவறிவிட்டது.

அவன் மொன்றியலில், பியர்பொன்ட்ஸிலுள்ள எங்கள் வீட்டில் தனியே இருக்கிறான். எப்போது தூங்குவான், எப்போது எழும்புவான் என்று பார்ப்பதற்காக என் கைக்கடிகாரத்தை மொன்றியல் நேரத்திலேயே விட்டிருந்தேன். மதியம் நானும் கணவரும் துறைமுகத்தடியில் ஆறு பேர் இருக்க ஆறு கதிரை மட்டும் உள்ள நூடில்ஸ் கடைக்குப் போனோம். கடிகாரம் வியாழன் என்றது. கடைக்காரி வைத்த கிண்ணத்தில் பன்றியிறைச்சி குச்சி பட்டதுமே உதிர்ந்தது. சூப்பைக் கடைசிச் சொட்டுவரை குடித்தேன்.

ஹோட்டலுக்கு வந்து போனைப் பார்த்தபோதுதான் இங்கே வெள்ளி என்று விளங்கியது. பதறிப்போய் இவரிடம் சொன்னேன். இவர் நிமிரவே இல்லை.

"ஓம், எனக்குத் தெரியும். வந்த நாள்தொட்டு நீர் ஒழுங்காச் சாப்பிடேல்லை. சாப்பிடட்டும் எண்டு விட்டனான்."

"இண்டைக்கெல்லோ அவன்ரை ஸ்கான் முடிவு வருது!"

"அங்கை அப்ப வியாழன்தானே."

அம்மன் எந்த ஊர் நேரம் பார்ப்பாள் என்று இவருக்கு யார் சொன்னது?

அங்கே காலை எட்டரைக்கு டொக்டரிடம் போயிருப்பான். இன்னும் ஒரு செய்தியும் இல்லை. இவர் குறட்டை விடுகிறார். இவர்மேல் கோபப்பட்டுக்கொண்டே இருக்க முடிந்தால் நல்லது. ஆனால் அந்தச் சூப் அவ்வளவு ருசியாக இருந்தது. வாய் இன்னும் அதை மறக்கவில்லை.

போன் அதிர்கிறது. கபிலன்தான். எடுக்கக் கை போகுதில்லை.