ஐதராபாத்துல வண்டி யார் ஓட்டுறது

அரியூர்
ஞாயித்துக்கெழம

அன்பு மகள் பிரியாவுக்கு அப்பா எழுதறது. நாங்க ரெண்டு பேரும் இங்க நல்லபடியா இருக்கோம், உங்கம்மாவுக்கு முட்டி வலியும் எனக்கு வாயும் கொறயல, மத்தபடி கொற ஒண்ணும் இல்ல. நீயும் மாப்பிள்ளையும் நிலாக்குட்டியும் அந்த மெல்போர்ன் குளுருல ஒடம்பு கெடாம இருக்கணும்னு அம்மா தெனமும் வெளக்கேத்தறா. இன்னாடா இது, போன் இருக்கும்போது அப்பா பேப்பர எடுத்துட்டாரேன்னு நெனைக்காத. போன்ல நான் ரெண்டு வார்த்த பேசறதுக்குள்ள உங்கம்மா புடுங்கிக்கறா, அப்புறம் கொழந்த சாப்டுச்சா தூங்குச்சான்னே நேரம் போயிடுது, நீ கேட்டது அப்படியே நிக்குது. அதனால ஒக்காந்து எழுதறேன். தேவி டூட்டி முடிஞ்சு வந்ததும் இத போட்டோ புடிச்சு உனக்கு அனுப்பச் சொல்றேன். அண்ணி படிச்சா படிக்கட்டும், அவளுக்குத் தெரியாத சேதி இதுல இன்னா இருக்குது.

மொதல்ல வூட்டு சேதி. நடவு முடிஞ்சுது, மழ நேரத்துக்குப் பேஞ்சுது, போர் மோட்டார் மட்டும் படுத்துக்கிச்சு, அதுக்கு ஆள் வரேன் வரேன்னு சொல்லிட்டே இருக்கான். மதகடிப்பட்டு அம்சவள்ளி அத்த நல்லா இருக்கா, நீ ஐதராபாத்துக்கு வர சேதி அவளுக்கு எப்படியோ போயிடுச்சு, உங்கம்மா இருக்கும்போது வேற எப்படிப் போவும். எனக்கும் ரயில் டிக்கெட் போடச் சொல்லுன்னு ஆரம்பிச்சிட்டா. நீ சொன்ன மாதிரி பத்து நாள் லீவுல ஊருக்கு வந்தா, சொந்தக்காரங்க வூடு வூடா காபி குடிச்சே லீவு தீந்துடும், அதனால நீ நேரா ஐதராபாத்துல வந்து எறங்கு, நாங்க ரயில்ல அங்க வந்துடறோம். அது ஒரு காரணந்தான், இன்னொரு காரணமும் உண்டுன்னு எனக்குத் தெரியும், அத அப்புறம் சொல்றேன். வரது நான், அம்மா, உங்கண்ணன் புகழ், மூணு பேரு. தேவிக்கு ஆஸ்பத்திரியில லீவு குடுக்கல. மாப்பிள்ளையும் வரல, ஆக உன்னையும் கொழந்தையையும் சேத்து அஞ்சு பேரு. இந்த அஞ்சு பேரும் ஊர் சுத்திப் பாக்க டாக்ஸி வெச்சுக்கலாமா, இல்ல நாமளே ஓட்டிக்கற மாதிரி கார் வாடகைக்கு எடுக்கலாமா, யோசிச்சு சொல்லுப்பான்னு கேட்ட. யோசிச்சேன். செவ்வாக்கெழம சந்தையில மாடு புடிக்கும்போது பல்லப் பாத்து கொம்பப் பாத்து நடக்க விட்டுப் பாப்பேன் இல்ல, அந்த மாதிரிதான் பாத்தேன். செலவு உன் பாடு, அதுல நான் தலையிடல.

டாக்ஸிய மொதல்ல சொல்றேன். போன மாசம் மெட்ராசுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம், எல்லாம் டாக்ஸிதான். புகழ் இங்கேருந்தே போன்ல புக் பண்ணி விட்டான். வண்டி வந்து வாசல்ல நின்னுச்சு, ஏறினோம், மண்டபத்து வாசல்ல எறக்கி விட்டான், உங்கம்மா முட்டிக்கு அது பெரிய புண்ணியம். வண்டிய எங்க நிறுத்தறது, எவன் இடிப்பான், எவன் கத்துவான்னு ஒரு கவலையும் இல்ல. ஆனா உங்கம்மா இருக்காளே, ஏறி ஒக்காந்ததும் அந்த டிரைவர் பையன உனக்கு எந்த ஊரு, கல்யாணம் ஆயிடுச்சா, எத்தினி புள்ளைங்கன்னு கேட்டா. அவன் காதுல ஒயர சொருவிக்கினு வேற எவன்கிட்டயோ பேசிட்டு வந்தான். இவ தன்கிட்டத்தான் பேசறான்னு நெனச்சு பாதி வழி பதில் சொல்லிட்டே வந்தா. நான் வெளிய பாத்துட்டு சிரிப்ப அடக்கினேன். திரும்பி வரும்போது வண்டி மண்டபத்துக்குப் பின்பக்கத் தெருவுல வந்து நின்னுடுச்சு, டிரைவர் போன் பண்ணி அங்க வாங்கன்றான், நான் இங்க வான்றேன், கடைசியில அம்மா சாப்பாட்டுப் பையத் தூக்கிக்கினு சந்து சந்தா நடந்தா. அது தமிழ் பேசற ஊருலயே. ஐதராபாத்துல அவன் தெலுங்குலயோ இந்தியிலயோ போன் பண்ணா நான் ஆங் ஆங்னு சொல்றதத் தவிர இன்னா பண்ணுவேன். நீ கூட இருப்ப, அதனால அது பெரிய கொற இல்ல.

இப்ப வாடகைக் கார். நம்ம சாமிக்கண்ணு தெரியும் இல்ல, தெருக்கோடி வூட்டுக்காரன், பெங்களூருல ஒரு தடவ அப்படி எடுத்து ஓட்டியிருக்கான். வண்டிய வாங்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கோ, பழைய கீறலுக்கெல்லாம் நம்மளப் புடிப்பான்னு சொல்றான். ஊரு பெரிசு, வழி தெரியாது, ஒன்வே எங்கன்னு தெரியாது. சார்மினார் பக்கம் வண்டிய நிறுத்த எடம் கெடைக்காதாம், எங்கியோ விட்டுட்டு நடக்கணும், மறுபடியும் உங்கம்மா முட்டி. ஓட்டற ஆளு ஒண்ணத்தையும் பாக்க முடியாது, ரோட்டத்தான் பாக்கணும். சாயந்தரம் களைச்சுப் போய் ரூமுக்கு வந்தா அவனுக்குத்தான் கையும் காலும் வலிக்கும். வாடகைக் காருல ஒரே வசதி, கொழந்தைக்குக் கொமட்டினா ஓரமா நிறுத்தலாம், டாக்ஸிக்காரன் மொறைப்பான். ரெண்டையும் தட்டுல வெச்சா டாக்ஸி பக்கந்தான் தாழுது. யார் கேட்டாலும் அதத்தான் சொல்லுவாங்க, உனக்கும் மனசுல அதுதான் இருக்கும், அப்பா சரின்னு சொல்லிட்டா முடிஞ்சுதுன்னு கேட்டிருப்ப. நியாயந்தான்.

ஆனா நீ மெல்போர்ன் போன அன்னிக்கு நடந்தத நான் சொல்லாம விட முடியாது. நீ மறந்திருக்க மாட்ட, நானும் பஞ்சாயத்து பண்றதுக்காகச் சொல்லல. ஏர்போர்ட்டுக்கு டாக்ஸி வெச்சுக்கறேன்னு நீ அன்னிக்கே சொன்ன. உங்கண்ணன்தான் வேணாம், என் வண்டி இருக்கும்போது என் தங்கச்சி கூலி வண்டியில போவறதான்னு குதிச்சான். புதுசா வாங்கின பழைய கார், வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம கழுவி எலுமிச்சம்பழம் கட்டினு இருந்தான். நம்ம பக்கத்துல காலி சீட்டோட வண்டி கெளம்பாதே, வழியனுப்பன்னு ஒரு பட்டாளம் ஏறிச்சு. திண்டிவனத்துக்கு நேர் ரோடு கெழக்கால திரும்பிப் போவணும், இவன் மேக்கால வண்டிய விட்டான். கேட்டா, அத்த கையால திருநீறு வாங்காம கடல் தாண்டி அனுப்பறதா, மதகடிப்பட்டு போயி அத்தயையும் ஏத்திக்கினு விழுப்புரம் வழியா போயிடலாம்னு சொன்னான். அத்த இன்னா ரெடியாவா இருந்தா, உனக்கு முறுக்கு சுட்டுட்டு இருந்தா. அது ஆறி, டப்பாவுல போட்டு, அவ பொடவ மாத்தி, திருநீறு பூசி ஏறறதுக்குள்ள நேரம் போயிடுச்சு. விழுப்புரம் தாண்டினா லாரி வரிச. ஏர்போர்ட்டுல கவுன்ட்டர மூடிட்டோம்னு சொல்லிட்டான். புது வேலையில சேர வேண்டிய நேரம், உன் வயித்தெரிச்சல் எனக்குப் புரிஞ்சுது. நீ எல்லாரும் பாக்க அவனப் பாத்து சொன்ன, டாக்ஸி வெச்சிருந்தா நேரத்துக்கு வந்திருப்பேன், கூலிக்கு ஓட்டறவனுக்கு இருக்கற பொறுப்பு கூட உனக்கு இல்லன்னு. அவன் பெட்டிய எறக்கி டிராலியில அடுக்கினான், முறுக்கு டப்பாவ மேல வெச்சான், எங்களையெல்லாம் ஏத்திக்கினு ஊர் வந்து சேர்ந்தான். நீ அங்கயே தங்கி மறுநாள் வேற பிளைட்டுல போயிட்ட, வேலையும் போவல, எல்லாம் நல்லபடியாத்தான் நடந்துச்சு. அவன் மட்டும் அந்த மாசமே கார வித்துட்டான். அதிலேருந்து கம்பெனிக்குக் கூட பைக்குலதான் போறான்.

நாலு வருஷம் ஆவப்போவுது. நீ அவனுக்குப் போன் பண்ணல, அவனும் உனக்குப் பண்ணல. நிலா பொறந்தப்போ கூட தேவிதான் பேசினா, இவன் பக்கத்துல ஒக்காந்து டிவி பாத்தான், டிவியில சத்தமே வெக்கல. கொழந்தைக்கு ரெண்டு வயசு முடிஞ்சுடுச்சு, இன்னும் காது குத்தல. ஏன் குத்தலன்னு அத்த கேட்டா லீவு இல்லன்னு சொல்லிடறோம். தாய்மாமன் மடியில ஒக்கார வெச்சுத்தான் குத்தணும், அந்த மடிகிட்ட நீ எப்படிக் கேப்ப, அதுதான் விஷயம். ஊருக்கு வராம ஐதராபாத்துக்கு வரதுக்கும் அதுதான் இன்னொரு காரணம்னு நெனைக்கறேன். தப்பா இருந்தா சொல்லு. எனக்கு உன் மேலயும் கோவம் இல்ல, அவன் மேலயும் கோவம் இல்ல, ரெண்டு பேரும் என்ன மாதிரியே அழுத்தக்காரங்களா பொறந்துட்டீங்க, அதுக்கு யாரச் சொல்றது. ஆனா வருத்தம் இருக்கு, அத இல்லன்னு சொல்ல மாட்டேன்.

நீ அண்ணனையும் கூட்டிட்டு வாங்கன்னு அம்மாகிட்ட சொன்ன சேதிய அவன்கிட்ட சொன்னோம். உம்னு ஒரு சத்தம் வந்துச்சு, வரேன்னு அர்த்தம். அன்னிக்கு சாப்பிடும்போது உங்கம்மா, அங்க காரா டாக்ஸியான்னு பாப்பா கேட்டுட்டு இருக்கான்னு எடுத்து விட்டா. அவன் தட்டப் பாத்துக்கினே சொன்னான், அவ டாக்ஸிதான் போடுவா பாத்துக்கோன்னு. அவ்வளவுதான் சொன்னான், மோர் ஊத்திக்கினு எழுந்து போயிட்டான். உங்கம்மா உள்ள போய் கண்ணத் தொடச்சுக்கினா. நான் இதோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன். அப்புறம் பாத்தா, ரெண்டு மூணு நாளா சாமிக்கண்ணு கார வாங்கிக்கினு வில்லியனூர் வரைக்கும் போறான், வரான், மறுபடியும் போறான். இன்னாடா வேலன்னு கேட்டா பெட்ரோல் போட்டுட்டு வரேன்றான். யார் வண்டிக்கு யார் பெட்ரோல் போடறது, அதுவும் தெனத்துக்கும். கோயில் தெரு முனையில இருக்கற குறுகலான எடத்துல அந்தக் கார ரிவர்ஸ் எடுத்து எடுத்துப் பழகறத நான் என் கண்ணால பாத்தேன், பாக்காத மாதிரி வந்துட்டேன். நேத்து அவனாவே அம்மாகிட்ட சொல்றான், அந்த வாடகைக் காருக்கெல்லாம் கருப்பு நம்பர் போர்டுல மஞ்ச எழுத்து இருக்குமாம், நாமளே ஓட்டலாமாம், போலீசு ஒண்ணும் கேக்க மாட்டானாம். இவன யாரு கேட்டது.

ஆக என் முடிவு, வாடகைக் காரே எடு. மேல நான் எழுதின கொறையெல்லாம் நெசந்தான், ஒண்ணும் மாறல, நிறுத்த எடம் கெடைக்காது, வழி தப்பும், அம்மா நடக்கணும், நடப்பா. அஞ்சு பேர் வண்டியா எடு, ஏழு பேர் வண்டி எடுத்தா அம்சவள்ளி அத்த ரயில் ஏறிடுவா. நானும் அம்மாவும் கொழந்தைய வெச்சுக்கினு பின்னாடி ஒக்காந்துக்கறோம். நீ முன்னாடி அவன் பக்கத்துல ஒக்காரு. போன்ல வழி சொல்ற அந்தப் பொம்பள வாய மூடி வெச்சுட்டு, மேப்ப நீ பாத்து நீயே சொல்லு, லெப்டு, ரைட்டு, இங்க நிறுத்துண்ணான்னு. டாக்ஸியில போனா ஆளாளுக்கு ஒரு பக்கம் வெளிய பாத்துக்கினு போயி வந்துடுவோம், ஊரத்தான் பாத்திருப்போம். வழி தப்பினா ரெண்டு பேரும் சண்டை போடுங்க, கத்துங்க, நான் குறுக்க வர மாட்டேன். எனக்குக் கோட்டையும் வேணாம் சார்மினாரும் வேணாம், அந்தச் சண்டைய பின்சீட்டுல ஒக்காந்து காதால கேட்டா போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு, கொழந்தைய ரொம்ப மெரட்டாத, மாப்பிள்ளைக்கு எங்க ஆசீர்வாதத்த சொல்லு. நீ எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும், உன் வயித்துல பொறந்ததும் நல்லா இருக்கணும், வேற இன்னா கேக்கப்போறோம் சாமிகிட்ட. ஒண்ணு மட்டும் மறக்காத. கார் புக் பண்ணும்போது ஓட்டற ஆளோட லைசென்ஸ் போட்டோ கேப்பாங்கன்னு சாமிக்கண்ணு சொல்றான். அத தேவிகிட்ட கேக்காத, அம்மாகிட்ட கேக்காத, நானும் அனுப்ப மாட்டேன். அவன்கிட்டயே கேளு. அவன் நம்பர மாத்தல.

உன் நலம் வேண்டும் அப்பா,
சுப்பராயலு