நாகக் கல்லில் கர்ப்பூரம்

ஜூலை 14, ஞாயிறு. உடப்பு.

இன்று அனுராதபுரம் போய் வந்தோம். இடிந்த மாளிகை வாசலில், படமெடுத்த பாம்போடு ஒரு காவற்கல் நின்றது. அத்தான் அதைக் கண்டதும், "நாகதம்பிரானடா!" என்று அதன் காலடியில் தேங்காய் உடைத்துக் கர்ப்பூரம் கொளுத்திவிட்டார்.

"அத்தான், இது கோயில் இல்லை."

"நீ பேசாம கும்பிடு."

எத்தனையோ நூற்றாண்டு மழையைத் தாங்கிய கல்லில் கரி அப்பிக்கொண்டது. காவலாளி ஓடிவந்து சிங்களத்தில் கத்தினார். அக்கா அழுது கெஞ்சியதால் பொலிஸுக்குச் சொல்லாமல் விட்டார். நாங்கள் வண்டியில் ஏறும்போதும் அவர் ஈரத்துணியால் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அத்தானுக்குத் துளி வெட்கமில்லை. உடைத்த தேங்காயைப் பொறுக்கி வந்து, இரவு அக்காவைக் கொண்டு சம்பல் இடிப்பித்து, பேக்கரிப் பாணோடு என் முன்னால் வைத்தார்.

"பிரசாதம், சாப்பிடு."

தட்டைத் தள்ளி வைத்தேன். அடுத்தமுறை அந்தக் கல்லுக்குப் பாலும் முட்டையும் கொண்டுபோக வேணுமாம்.