கேட்காமல் கொடுத்த மருந்து

ஸ்ரீரங்கம்,
செப்டம்பர் 14.

அன்புள்ள யமுனாவுக்கு,

நீ மஸ்கட் திரும்பிப் போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரி டியூட்டியிலும் ஏறிவிட்டதாக உன் அண்ணன் சொன்னார். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் மதி பெயரை எடுத்தாலே இரண்டு பேரும் அழுகிறோம். சொல்ல வேண்டியது நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. வீட்டுக்காரர் மாடிக் குழாயைச் சரிசெய்துவிட்டார். திங்கள் முதல் துவாக்குடி பட்டறைக்குப் போகிறேன். பால்வாடி டீச்சர் மதியின் பையைக் கொண்டுவந்து கொடுத்தார். இன்னும் திறக்கவில்லை. அவளை அடக்கம் செய்து இன்றோடு இருபத்தேழு நாள்.

புதன்கிழமை அவளைச் சேர்த்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போனேன். அன்றைக்கு மதியைப் பார்த்த டாக்டர் ரிஃபானா எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நிற்காத வலிப்புக்கு இரண்டு மருந்துகள் வழக்கத்தில் இருக்கின்றனவாம். எது மேல் என்று தெரியாததால், குலுக்கல் முறையில் ஒன்றைக் கொடுத்து ஆராய்ச்சி செய்கிறார்கள். மதியும் அதில் ஒருத்தி. பெற்றவர்களை முன்னால் கேட்க நேரம் இருக்காது, பிறகு கேட்டால் போதும் என்று நெறிமுறைக் குழு அனுமதித்திருக்கிறதாம். அவளுடைய விவரங்களைச் சேர்க்கலாமா, நீக்கிவிடவா என்று இப்போது கேட்கிறார்கள்.

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். "புள்ள இருந்தப்ப கேக்கல, இப்ப பேப்பருக்குக் கேக்குறீங்களா?" என்று கத்திவிட்டேன். இன்னொரு மருந்தைக் கொடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று கேட்டேன். "தெரியாதுங்க. தெரியும்னு சொன்னா பொய். அன்னைக்குக் கேட்டுக்கிட்டு நின்னா நேரம் போயிடும்னுதான் கேக்கல" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

அவளுடைய விவரப் படிவத்தை வாங்கிப் பார்த்தேன். வலிப்பு தொடங்கி இருபது நிமிடத்தில் வந்ததாக எழுதியிருந்தது. அது நான் சொன்னது.

யமுனா, அது பொய். ஒரு மணி நேரத்துக்குப் பக்கம். போன வருஷம் உன் மடியில் இரண்டே நிமிடத்தில் நின்றதே, அப்படி நின்றுவிடும் என்று சாவிக்கொத்தை அவள் கையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் தாண்டினால் தூக்கிக்கொண்டு ஓடச் சொல்லியிருந்தாய். மறக்கவில்லை. இதோ நிற்கும், இதோ நிற்கும் என்றே அரை மணிக்கு மேல் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டதும் வெட்கத்தில் இருபது என்று வாயில் வந்துவிட்டது. உன்னிடமும் அதையே சொன்னேன். அவர்களுக்குத்தான் நேரம் இல்லை. எனக்கு இருந்தது.

டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அடித்துத் திருத்தி எழுதினார். என்னால்தானா என்று கேட்டேன். "சீக்கிரம் கொண்டாந்தா நல்லதுதாங்க. ஆனா மதி பிழைச்சிருப்பாளான்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

பெற்றவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதுமாம். நான் போடவில்லை. அவ அம்மாவைக் கேட்கணும் என்று சொல்லிவிட்டு வந்தேன். காத்திருப்பதாகச் சொன்னார். இனி வரும் பிள்ளைகளில் ஒன்றுக்காவது சரியான மருந்து கிடைக்கட்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான். காரணம் கேட்க மாட்டேன்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே. தூங்காமல் டியூட்டி பார்க்காதே, உடம்பு தாங்காது. நீயாவது நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மதியின் அப்பா
செந்தமிழன்