முறைக்க ஓர் ஆள்

அன்பு மனைவிக்கு,

உன் முழங்கால் வலி இப்போது எப்படி? சின்னவளுக்கு இருமல் நின்றதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, அலுப்புதான்.

இந்த நாட்டில் தங்குவதற்கான புதுக் குடியிருப்பு அட்டை இன்னும் வரவில்லை. பழையதன் காலம் முடிந்துவிட்டதால், வேலை செய்ய உரிமை உண்டென்று சாயங்காலத்துக்குள் நிரூபிக்காவிட்டால் நீக்கம் என்று திங்களன்று மேலாளர் சொல்லிவிட்டார். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்வரை வேலை செய்யலாம் என்ற சட்டத்தையே காட்டினேன். ஏறெடுத்தும் பார்க்கவில்லை. இரண்டு பட்டம் வாங்கியவன், வாசல் நாற்காலியில் தேமே என்று உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் குடியேற்றத் துறையைத் தொலைபேசியில் விடாமல் பிடித்து, உறுதிக் கடிதம் வரவழைத்தவர் நம் மொழிக்காரக் கணக்கர். என் பதவி உயர்வைத் தட்டிக்கொண்டு போனாரே, அவர்தான். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை.

"சார், நீங்க போயிட்டா என்னை முறைக்கிறதுக்கு வேற ஆளை எங்க தேடுவேன்?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதவி உயர்வை மறக்கப்போவதும் இல்லை. நன்றி சொல்லவும் வாய் வரவில்லை.

உன் அண்ணனிடம் இதைப்பற்றி மூச்சு விடாதே. ஞாயிறன்று நீயே கூப்பிடு; அறையில்தான் கிடப்பேன். கணக்கருக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறதாம். சின்னவளுக்குப் பின்னியதுபோல ஒரு கம்பளித் தொப்பி பின்னி அனுப்பு. நீயாகத்தான் அனுப்பினாய் என்று சொல்லிக்கொள்கிறேன்.

இடைவேளை முடிந்துவிட்டது.

உன் கணவன்