படிக்கட்டு அடி

தேனி, 14.8.2007, செவ்வாய்

ஆஸ்பத்திரி நர்ஸுகள் ஆபத்து நேரத்தில் அழுத்துவதற்கான கம்பியில்லாப் பொத்தானை இன்று மறுபடி சோதித்தோம். எங்கிருந்து அழுத்துகிறார்கள் என்பதை வாசலில் உள்ள பலகை காட்ட வேண்டும். நேற்று கீழே அழுத்தியதை மாடி என்று காட்டி என் மானத்தை வாங்கியது. காலையில், பொத்தானின் சிக்னலை வாங்கும் மாடி ரிசீவரின் வீச்சைக் குறைத்து, கீழே படிக்கட்டருகே புதிதாக ஒன்று மாட்டினேன்.

இரவு ஷிப்ட் பார்க்கும் நர்ஸ் ஜைனபு அக்கா, "பிரசவ வார்டுலருந்து அமுக்குறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பலகையோ ‘படிக்கட்டு அடி’ என்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னும் சரியாகலை சார்" என்று மேனேஜரிடம் சொல்லியும் விட்டேன். வாட்ச்மேன் மட்டும் பலகையை நம்பிப் படிக்கட்டுக்கு ஓடினார்.

அக்கா அங்கேதான் சிரித்துக்கொண்டு நின்றார்.

"பொய் சொல்லித்தான் பாத்தேன். போன மாசம் அந்தக் குடிகாரப்பய என்னைய மறிச்சது இங்கனதான். அன்னைக்குக் கத்துனேன், ஒருத்தரும் வரல. இன்னைக்கு வாயே தொறக்கல, ஓடியாந்துட்டீகளே!"

பலகையை மாட்டியவள் நான். கடைசியாகப் போய்ச் சேர்ந்தவளும் நான்தான். படுத்தால் சிரிப்புச் சிரிப்பாக வருகிறது.