அகிலா வண்டியை எடுக்கலாமா?

6 நவம்பர் 2024

மாநகராட்சியில் வடிகால் பற்றிய கூட்டம். இரண்டு மணி நேரம் பேசினார்கள். என் குறிப்பில் ஒன்றரைப் பக்கம். செய்தியில் நான்கு பத்தி நின்றது.

டாலிகஞ்சில் மெட்ரோ இறங்கி வீட்டுக்கு வந்த கொஞ்ச நேரத்தில் அகிலா போன் செய்தாள். அவளுக்கு அங்கே காலை. "அப்பா, இங்க அடுத்த வாரம் பனி ஆரம்பிச்சிடுமாம். குளிர்காலம் முழுக்க வண்டிய மூடி வச்சிடவா, இல்ல பனியிலயே ஓட்டவா? நீங்க என்ன சொல்றீங்க?"

விசாரித்துச் சொல்கிறேன் என்றேன்.

"விசாரிக்கவா சொன்னேன்? தூர்! உங்களக் கேட்டேன்." இங்கே வளர்ந்தவள், அலுத்துக்கொள்வதும் வங்காள மொழியில்தான்.

கனடா போய் இரண்டு வருடம் ஆகிறது. சஸ்காட்சுவானில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். போன குளிர்காலத்தில் இல்லத்தின் விடுதியிலேயே தங்கியிருந்தாள். இப்போது அந்த இடம் இல்லை. அடுத்த ஊரில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் வாடகைக்கு இருக்கிறாள். நடுவில் நாற்பது கிலோமீட்டர் வயல்வெளி. பஸ் கிடையாது. அந்த வேலையை வைத்துத்தான் அவள் விசா. வேலைக்குப் போக முடியாவிட்டால் அங்கே இருக்கவும் முடியாது.

பனி. நானும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். சிக்கிமில் சுற்றுலா வண்டிகள் மாட்டிக்கொண்டபோது செய்தி சேகரிக்கப் போனேன். பக்கத்து வண்டியில் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். ஆறடி உயரம், வியாபாரி.

9 நவம்பர்

லேக் மார்க்கெட்டில் பத்மநாபனைப் பார்த்தேன். ஒரு குளிர்காலம் முழுக்கக் கனடாவின் எட்மன்டனில் மகன் வீட்டில் இருந்தவர். கேள்வியை முடிக்கவே விடவில்லை.

"மூடி வைக்கச் சொல்லும் ஓய்! ரோட்டுல ஐஸ் இருக்கறதே கண்ணுக்குத் தெரியாது. என் பையன் பிரேக் போட்டான், வண்டி பாட்டுக்கு ஒரு சுத்து சுத்தி வந்த திக்கைப் பார்த்து நின்னுது. நான் பின் சீட்டுல. விஷ்ணு சகஸ்ரநாமம் பாதியில நின்னது, அப்புறம் ஞாபகமே வரலை."

அப்புறம் மகன் வண்டியை நிறுத்திவிட்டாரா என்று கேட்டேன்.

"எங்கே நிறுத்தினான்? மறுநாளே எடுத்துண்டு ஆபீஸ் போயிட்டான்."

இதை எந்தப் பக்கம் எழுதுவது?

10 நவம்பர்

கீழ்வீட்டு ஸ்மிதா பௌதியின் தம்பியும் கனடாவில்தான், வினிபெக்கில் இருக்கிறான். அண்ணி என்கிற முறையில்தான் பௌதி. பௌதி படிக்கட்டில் நின்றபடியே போன் போட்டு என் கையில் கொடுத்துவிட்டார். அவன் சொன்னது: குளிருக்கென்று தனி டயர் இருக்கிறது, அதை மாட்ட வேண்டும். ராத்திரியில் கார் என்ஜினை மின்சார ப்ளக்கில் சொருகி வைக்க வேண்டும், செல்போனை வைப்பதுபோல. பிறகு மெதுவாக ஓட்டினால் போதும். "கிச்சு ஹோபே நா, மூக்கைய்யாதா." ஒன்றும் ஆகாது, மூக்கையா அண்ணா. இங்கே அண்ணனுக்கு தாதா, பெயரோடு சேர்ந்தால் தா.

நீ எப்போதாவது சறுக்கியிருக்கிறாயா என்றேன்.

"ரெண்டு தடவை." சிரித்தான்.

ஆக, ஓட்டாதே என்கிறவரின் மகன் ஓட்டுகிறான். ஒன்றும் ஆகாது என்கிறவன் இரண்டு தடவை சறுக்கியிருக்கிறான்.

12 நவம்பர்

அகிலாவுக்கு எல்லாவற்றையும் எழுதி அனுப்பினேன். யார் சொன்னது, எந்த ஊர், எத்தனை வருட அனுபவம், எது நேரில் கண்டது, எது கேள்விப்பட்டது. மூடி வைப்பதற்குச் சாதகம், பாதகம். ஓட்டுவதற்கும் அப்படியே. இரண்டு தரப்புக்கும் சமமான இடம். முப்பத்தைந்து வருடப் பழக்கம் வீண்போகவில்லை.

13 நவம்பர்

பதில் வந்தது. "ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க அப்பா. நான் வண்டிய எடுக்கவா, வேண்டாமா?"

மனைவி சரோஜாவிடம் காட்டினேன். படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "பிள்ளை உங்க மனசுல என்ன இருக்குன்னு கேக்குது. நீங்க நியூஸ் அனுப்பியிருக்கீக."

என் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால்தானே.

15 நவம்பர்

தூக்கம் சரியில்லை. அங்கே ஒரு நெடுஞ்சாலையில் லாரியும் காரும் மோதியதாகச் செய்தி ஏஜென்சியில் மூன்று வரி வந்திருந்தது. நம் பேப்பருக்கு வேண்டாத செய்தி. நான் நான்கு தடவை படித்தேன்.

சாயங்காலம் அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன்: மூடி வை. இங்கே மழைக்காலத்தில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது நான் வண்டியை எடுத்ததுண்டா? எடுத்தவன் எல்லாம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்ததைத்தானே எழுதியிருக்கிறேன்?

"தண்ணி ரெண்டு நாள்ல வடியும்ப்பா. இது ஏப்ரல் வரைக்கும் இருக்கும்."

இருக்கட்டும் என்றேன். பிறகு, கூட வேலை செய்யும் மாரிதெஸ் என்கிற பிலிப்பைன்ஸ்காரம்மா அதே ஊர்தான், பெரிய வண்டி வைத்திருக்கிறாள், கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

சொல்லிவிட்டேன். ஏன் நிம்மதியாக இல்லை?

24 நவம்பர்

வண்டி மூடப்பட்டது. வீடியோவில் பார்த்தேன். சாம்பல் நிறப் போர்வை, நாலு மூலையிலும் கட்டு. எலி வராமல் பானெட்டுக்குள் புகையிலை போடச் சொன்னேன். இங்கே நாம் அப்படித்தானே செய்கிறோம். அங்கே புகையிலை வாங்கினால் அரை மாதச் சம்பளம் போய்விடும் என்றாள். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் என்ஜினை ஓடவிடு என்றேன். அதைச் செய்யவே கூடாதாம். அந்தக் குளிரில் பத்து நிமிடத்தில் என்ஜின் சூடேறாது, உள்ளே ஈரம்தான் சேருமாம். வாடகை வீட்டின் சொந்தக்காரர் சொன்னாராம்.

டாலிகஞ்சில் நல்லது அங்கே கெடுதல். சரி.

மாரிதெஸ் கூட்டிக்கொண்டு போகிறாள். விஷயம் முடிந்தது என்றே வைத்துக்கொள்வோம்.

8 டிசம்பர்

இங்கே பதினைந்து டிகிரி. தெருவெல்லாம் மங்கி கேப். ஸ்மிதா பௌதி என்னையும் ஒன்று போடச் சொல்லித் திட்டினார். அகிலாவின் ஊரில் மைனஸ் இருபத்தெட்டு.

19 டிசம்பர்

வழக்கமாக அவள்தான் கூப்பிடுவாள். இன்று நான் கூப்பிட்டேன். மைனஸ் முப்பத்தைந்து என்று இணையத்தில் பார்த்த கலவரம்.

எங்கே இருக்கே என்றேன். "கிச்சன்லப்பா. டீ போடறேன்."

பின்னால் டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். சீராக. பிறகு நின்றது.

அடுப்பு அப்படிச் சத்தம் போடாது. கடிகாரம் நடுவில் நிற்காது. போனுக்குப் பின்னால் கேட்கும் சத்தத்தை வைத்து ஆளை எங்கே என்று கண்டுபிடிப்பதில் கிரைம் செய்தி எழுதிய நாட்களில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. வீட்டில் இல்லை என்று சொல்லச் சொன்ன எம்.எல்.ஏ.வின் வீட்டுக் கிளி சத்தத்தை வைத்தே அவரைப் பிடித்திருக்கிறேன். இது காரின் திரும்பும் விளக்குச் சத்தம். திரும்பி முடித்ததும் நிற்கும்.

மாரிதெஸின் வண்டியாக இருக்கலாம். இருக்கலாம். ஆனால் அப்படியென்றால் கிச்சன் என்று ஏன் சொல்ல வேண்டும்?

20 டிசம்பர்

சரோஜாவிடம் சொல்லவில்லை. பயப்படுவாள்.

22 டிசம்பர்

வீடியோவில் பேசும்போது, உன் வண்டியைக் காட்டு என்றேன். ஜன்னல் வழியாகக் காட்டினாள். கூரை வெள்ளை. வேலி வெள்ளை. குப்பைத்தொட்டியின் மேல் ஒரு முழ உயரத்துக்குப் பனி. காரின் சாம்பல் போர்வை மட்டும் துடைத்துவைத்த மாதிரி, துளி பனியில்லாமல்.

"அழகா மூடியிருக்கே," என்றேன்.

"ஆமாப்பா," என்றாள்.

ஒரு விஷயத்துக்கு இரண்டு ஆதாரம் கிடைத்தால் அச்சுக்குப் போகலாம் என்பது விதி. கிடைத்துவிட்டது. யாரிடம் கொண்டுபோய்க் கொடுப்பது? கேட்டால் ஒப்புக்கொள்வாள். ஒப்புக்கொண்டால் ஓட்டாதே என்று நான் சொல்லியாக வேண்டும். ஓட்டாவிட்டால் வேலை போய்விடும். கேட்காவிட்டால்? எனக்குத் தெரியாது என்ற நினைப்பிலேயே அந்த ரோட்டில் போய்க்கொண்டிருப்பாள். ஏதாவது ஆனால், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நான்.

எதுக்கு என்கிட்ட பொய் சொல்லணும்? நான் என்ன அடிக்கிற அப்பனா?

25 டிசம்பர்

பார்க் ஸ்ட்ரீட் கிறிஸ்துமஸ் கூட்டம் பற்றி எழுதினேன். விளக்குகளின் நிறத்தைத் தப்பாக எழுதிவிட்டேன். டெஸ்க்கில் இருக்கும் பையன் திருத்தினான். "தாதா, உடம்பு சரியில்லையா?"

28 டிசம்பர்

ஐந்தரைக்கு முழிப்பு வந்தது. பக்கத்தில் சரோஜா இல்லை. அவள் தினமும் இந்த நேரத்துக்கு மொட்டைமாடிக்குப் போய் நடப்பாள், பாட்டுக் கேட்டுக்கொண்டே. இந்தப் பனிமூட்டத்தில் எதற்கு என்று மேலே போனேன்.

நடக்கவில்லை. தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கட்டையில் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காதில் போன். பேசவில்லை. நான் கதவருகிலேயே நின்றேன். வெகுநேரம் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு, "வந்துட்டியா? சரி, கையுறை போட்டுக்கிட்டு இறங்கு. வச்சிரவா?" என்றாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள். திடுக்கிடக்கூட இல்லை.

"எத்தனை நாளா?"

"அந்த மாரிதெஸுக்கு டிசம்பர் ஆரம்பத்துல நைட் டூட்டி போட்டுட்டாங்க. அதுலேருந்து இவதான் ஓட்டுறா. நல்ல டயரு மாட்டியிருக்கு. ராத்திரி ப்ளக்கும் போடுது."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செஞ்சிருப்பீக? ரெண்டு நாள்ல பத்துப் பேருக்குப் போன் போட்டுப் பன்னெண்டு அபிப்பிராயம் கொண்டு வந்திருப்பீக. அந்தப் புள்ளை ரோட்டைப் பாக்குமா, உங்க பேப்பரப் படிக்குமா?"

"நீ மட்டும் என்ன சொன்னே? எடுன்னு சொன்னியா?"

"எடுன்னும் சொல்லல, எடுக்காதேன்னும் சொல்லல. வேலை முடிஞ்சு திரும்பற நேரம் அங்க இருட்டிடுதாம். போற வழியில ஒரு வீடு கிடையாதாம். நான் லைன்ல இருக்கேன்னு சொன்னேன். அவ்வளவுதான்."

"பேசிக்கிட்டே ஓட்டறதா? அது அதைவிட ஆபத்து!"

"யாரு பேசுறா? வண்டி ஸ்பீக்கர்ல போட்டுருவா. நான் வாயத் திறக்க மாட்டேன். அவளும் திறக்க மாட்டா. வண்டி ஓடுற சத்தம் கேக்கும். நின்னா இறங்கிட்டான்னு அர்த்தம்."

கீழே இறங்கும்போது திரும்பிப் பார்த்தாள். "உங்களுக்குத் தெரியும்னு எனக்கு முன்னாலேயே தெரியும். ஒரு வாரமா சாம்பார்ல உப்பு இல்லேன்னாக்கூட சொல்லல நீங்க."

29 டிசம்பர்

கோபமா? ஆமாம். யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

4 ஜனவரி 2025

அகிலா போன் செய்தாள். அம்மா சொல்லியிருப்பாள். அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. புது வெல்லத்தில் செய்யும் நோலன் குர் சந்தேஷ் கடைக்கு வந்துவிட்டதா என்று கேட்டாள். வந்துவிட்டது என்றேன். சாப்பிட்டீங்களா என்றாள். சர்க்கரை இருக்கே என்றேன். உலகத்தில் வேறு செய்தியே இல்லாத மாதிரி இரண்டு பேரும் வெல்லத்தைப் பற்றிப் பேசினோம்.

வைத்த பிறகு யோசித்தேன். மூடி வை என்று நான் சொன்னது தப்பா? இல்லை. அவள் ஓட்டுவது தப்பா? அதுவும் இல்லையே. இரண்டில் ஒன்றாவது தப்பாக இருக்க வேண்டாமா?

9 ஜனவரி

இன்றும் ஐந்தரைக்கு முழிப்பு. கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தேன். சரோஜா கீழே இறங்கி வந்து அடுப்பைப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. பிறகுதான் தூங்கினேன்.

14 ஜனவரி

பொங்கல். ஸ்மிதா பௌதி அரிசிமாவில் செய்த பிட்டே கொடுத்தார், நாங்கள் பொங்கல் கொடுத்தோம். சரோஜாவுக்கு லேசாக இருமல். மாடிக்குப் போகாதே என்றேன். போனாள்.

17 ஜனவரி

சரோஜாவுக்கு ராத்திரியிலிருந்து நல்ல காய்ச்சல். எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

மாடிக்குப் போகவில்லை. சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். மணி அடித்தது.

"அம்மா?"

"நான்தான். அம்மாவுக்குக் காய்ச்சல்."

"அப்பா..."

"ரோட்டைப் பாரு," என்றேன்.

கிளம்பினாள். டயருக்கு அடியில் உப்புக்கல்லை மிதிப்பது போல ஒரு நொறுங்கல் சத்தம். பிறகு காற்று. கேட்க வேண்டியது எவ்வளவோ இருந்தது. டயர் எந்த வகை, பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது, வழியில் நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவாள், பனி விழுகிறதா. முப்பத்தைந்து வருடம் கேள்வி கேட்டே சம்பளம் வாங்கியவன். நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பாதி தூரம் வந்திருப்பாள். காற்றின் சத்தம் சட்டென்று கூடியது. வேகம் குறைவது கேட்டது. என்னால் முடியவில்லை.

"என்ன தெரியுது உனக்கு?"

"முன்னாடி பனி தள்ளுற வண்டி போகுதுப்பா. அதோட சிவப்பு லைட் தெரியுது. வேற ஒண்ணும் தெரியல."

"அது போதுமா?"

"போதும். அது பின்னாடியே போறேன்."

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. ஜன்னலில் வெளுத்துக்கொண்டு வந்தது. பால்காரன் மணி அடித்தான், எழுந்து போகவில்லை. என்ஜின் நின்றது. கதவு திறந்தது.

"வந்துட்டேன்ப்பா."

"சரி."

சரோஜாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். இன்னும் சுட்டது. வந்துட்டா என்றேன். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"ஏதாவது கேட்டீகளா?"

"ரெண்டே ரெண்டு கேள்வி."

"நாளைக்கு அதுவும் வேண்டாம்," என்றாள்.