நாரைக் கழனி யார் பெயரில்

காஞ்சிபுரம்,
8.12.2024

அன்புள்ள ஏஞ்சலுக்கு,

நைட் டியூட்டி முடிந்து தூங்காமல் இதைப் படிப்பாய் என்று தெரியும். முதலில் தூங்கு, பிறகு படி.

கூரம் பக்கத்து நம் ஏரிக்கரையில் நாரைகள் கூடு கட்டிவிட்டன. உன் அப்பா எங்களிடம் வாங்கிய கழனியிலும், அதை ஒட்டிய எங்கள் கழனியிலும் மரம் கொள்ளாமல் உட்கார்ந்திருக்கின்றன. ஆனால் ரோட்டுப் பக்கம் ப்ளாட் போடக் கல் நட்டுவிட்டார்கள். இரண்டு கழனியையும் சேர்த்துக் காப்பாற்றுவதென்றால் இப்போதே ஏதாவது செய்ய வேண்டும்.

வக்கீல் நமச்சிவாயத்தைப் பார்த்தேன். சங்கம் என்றால் ஏழு பேர் வேண்டும், தேர்தல் வேண்டும். கம்பெனி என்றால் வருஷா வருஷம் கணக்குத் தாக்கல் செய்து மாளாது. அறக்கட்டளைதான் உறுதி, எழுதிவிட்டால் செப்பேடு மாதிரி நிற்கும் என்கிறார். நிலம் நம் யார் பெயரிலும் இருக்காது. நிர்வாகம் மட்டும் எங்கள் வீட்டில் வழிவழியாக இருக்கும். எங்கள் ஊர்க் கோயில் பத்திரத்தைப் பார்த்து எழுதியதால் வந்த வாசகம் அது, வழக்கமானதுதான். நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். அப்பாவிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கித் தா.

உன்
அனு

வேலூர்,
19.12.2024

அன்புள்ள அனு,

கடிதமும் நகலும் கிடைத்தன. உடனே எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். கடைசியில், "எல்லாம் சரிம்மா. பட்டாவுல எம் பேரு இருக்காதா?" என்று மட்டும் கேட்டார். இருக்காது என்றேன். "சரி, நீ சாப்ட்டியா?" என்றார்.

அந்தக் கழனியில் என் தாத்தா உங்களுக்குக் கூலிக்கு ஏர் ஓட்டியவர். டிப்போவில் மெக்கானிக்காக இருந்து அப்பா வாங்கிய நிலம் அது. எங்கள் வம்சத்தில் பட்டாவில் ஏறிய முதல் பெயர் அவருடையது. பெயர் போவது உனக்குத் தியாகம். எங்களுக்கு அது பழைய நிலைமை.

சங்கமாகவே வைத்தால் என்ன? ஏழு பேரில் அப்பாவும் ஒருவராக இருப்பார், அவருக்கும் ஒரு ஓட்டு இருக்கும். நாரைகள் எக்கேடோ கெடட்டும் என்று நான் சொல்லவில்லை. உன்னோடு சேர்ந்து அங்கே நத்தை ஓடு பொறுக்கியவள்தானே நானும்.

அன்புடன்
ஏஞ்சல்

காஞ்சிபுரம்,
2.1.2025

என் அன்பு ஏஞ்சலுக்கு,

புத்தாண்டு வாழ்த்து. உன் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். நீ இப்படி யோசிப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

சங்கம் பற்றிச் சரத் அண்ணனிடம் பேசினேன். "அதெல்லாம் வேணாம்மா, யார் யாரோ உள்ள பூந்துக்கினு நம்மளையே கேள்வி கேப்பாங்க" என்கிறார். அவரை உனக்குத் தெரியும், எதையும் மனதில் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை. எங்கள் கழனிக்கு அவர் கையெழுத்தும் வேண்டும். சங்கம் என்றால் போட மாட்டார், விற்றுவிடலாம் என்பார்.

ஆனாலும் வக்கீலிடம் மல்லுக்கட்டி உன்னை அறங்காவலராகச் சேர்த்துவிட்டேன், உன் ஆயுள் வரைக்கும். அதற்குப் பிறகு எப்படியும் எங்கள் வீட்டார் பார்த்துக்கொள்வார்கள், நீ கவலைப்பட வேண்டாம்.

இருபத்திரண்டாம் தேதி பதிவு. அப்பாவை அனுப்பிவை. நீ பொங்கலுக்கே வந்து நம் வீட்டில் தங்கேன்.

உன்
அனு

வேலூர்,
13.1.2025

அனு,

அப்பா வர மாட்டார். நானும் வரவில்லை.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காதே. கோபம் வந்தால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்து பார்த்தேன், வரவில்லை. வார்டில் ஊசி போடுகிறேன், சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். உன் கடிதத்தைத் திரும்ப எடுத்தால் வேறு யாருக்கோ வந்தது போல இருக்கிறது. மனசு மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான்.

உன் அண்ணன் சொன்ன அந்த 'யார் யாரோ' எங்கள் வீட்டு ஆட்கள்தான். அதை எனக்கே எழுதியிருக்கிறாய், உனக்கு உறைக்கவில்லை. உங்களுக்கு வழிவழியாக, எனக்கு ஆயுள் வரைக்கும் என்று எழுதும்போதும் உறைக்கவில்லை. இப்போது அந்த வரியை அடித்துவிட்டுப் புது நகல் அனுப்புவாய். அனுப்பாதே. அது உன் தாராளமாகிவிடும், நான் நன்றி சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு எனக்குத் தெம்பில்லை.

உங்கள் கழனியை அறக்கட்டளைக்கு எழுதிக்கொள்ளுங்கள். அப்பாவின் கழனி அப்பா பெயரிலேயே இருக்கும், அவருக்குப் பிறகு என் பெயரில். மரத்தில் கை வைக்க மாட்டோம், ப்ளாட்காரர்களுக்கும் விற்க மாட்டோம். அதற்குப் பத்திரம் கிடையாது, எங்கள் வாய்ச்சொல்தான்.

நாரை பார்க்க நீ எப்போது வேண்டுமானாலும் வா. எங்கள் கழனிக்குள் இறங்கும் முன் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்கு.

ஏஞ்சல்